புயல் அறுத்த சாம்பல் மேடு: அடுத்த மழைக்குள் எதைக் கொண்டு மூடுவது?

புயல் கடந்துவிட்டது. நிலக்கரிச் சாம்பல் மேட்டின் ஒரு சரிவு அறுந்து, சாம்பல் அடிவாரச் சாலையைத் தாண்டிக் கிடக்கிறது. அடுத்த மழை பத்து நாளிலும் வரலாம், மூன்று நாளிலும் வரலாம். சரிவை மூட நான்கு வழிகள் உண்டு: மண் போர்வை, பிளாஸ்டிக் விரிப்பு, தெளிப்புப் பூச்சு, அல்லது அந்தப் பக்கத்தை மட்டும் இப்போதே நிரந்தரமாக மூடிவிடுவது. பொருத்தமான இடத்தில் நான்குமே நிற்கும். பொருந்தாத இடத்தில் எதுவும் நிற்காது. விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: மூடாக்கின் மேல் விழும் நீர் எந்த வழியாகக் கீழே இறங்கும், இறங்கும்போது அது சாம்பலைத் தொட்டிருக்குமா? இதற்கு விடை இல்லாமல் வாங்கிய மூடாக்கு எதுவானாலும் வீண் செலவு என்பது எங்கள் உறுதியான கருத்து.

இங்கே பேசுவது அடியில் லைனர் எனும் நீர் கசியாத தடுப்பை விரித்து, சாம்பலை உலர்நிலையில் கொட்டி ரோலர் ஓட்டிக் கெட்டிப்படுத்தும் மேடுகளைப் பற்றி. நீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும் சாம்பல் குளங்களின் ஆபத்து வேறு. 2008 டிசம்பர் 22 அன்று டென்னசியின் கிங்ஸ்டனில் குளத்தின் கரை சரிந்து சுமார் 54 லட்சம் கன கஜம் சாம்பல் சேறு வெளியேறியது. அங்கே கேள்வி கரையின் உறுதி. உலர் மேட்டில் கேள்வி மேற்பரப்பு அரிப்பு.

லைனர் இருக்கிறது, மேடு புதியது என்பதெல்லாம் அரிப்புக்கு எதிரான பாதுகாப்பு ஆகாது. 2018 செப்டம்பர் 14 அன்று ஃப்ளோரன்ஸ் புயல் வட கரோலினாவில் கரையேறியபோது வில்மிங்டன் அருகே சட்டன் மின்நிலையத்தில் அறுந்தது லைனர் போட்ட புதிய மேடுதான். சுமார் 2,000 கன கஜம், அதாவது 1,500 கன மீட்டருக்குச் சற்று மேல், சாம்பல் இடம்பெயர்ந்ததாக மின் நிறுவனமே அப்போது மதிப்பிட்டது. மேடு நிரம்பிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் அதன் சரிவுகள் திறந்து கிடக்கின்றன. புயலுக்கு இரையாவதும் அந்தக் காலத்தில்தான்.

சரிவு எங்கிருந்து அறுகிறது

ஃப்ளை ஆஷ், அதாவது புகையோடு வரும் நுண்சாம்பல், வண்டல் அளவுத் துகள். பெரும்பாலும் களியைப் போல ஒட்டும் தன்மை அதற்குக் கிடையாது. ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கு இடையே உள்ள நீரின் இழுவிசை அதைப் பிடித்து வைக்கிறது. முழுவதும் நனைந்தால் அந்தப் பிடி போய்விடும். முழுவதும் காய்ந்தாலும் போய்விடும். புயலுக்கு மறுநாள் அரிப்பு ஓடையின் சுவர் இரண்டு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக, கத்தியால் வெட்டியது போல நிற்பதைப் பார்த்து உறுதியானது என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் ஏறியதும் அது முன்னறிவிப்பின்றி விழும். சுவரின் உயரத்துக்குச் சமமான தூரமாவது விளிம்பிலிருந்து விலகி நிற்பதும், ஓடைக்குள் யாரையும் இறக்காமல் இருப்பதும் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கெட்டிப்படுத்திய சரிவு மழைத்துளி அடித்து ஆழமாக அறுவது அரிது. ஓரிடத்தில் சேர்ந்து வழியும் நீர்தான் அதை அறுக்கிறது. சரிவின் குறுக்கே உயரம் விட்டு உயரம் அமைக்கும் படிகளைத் தளத்தில் பெஞ்ச் என்பார்கள். பெஞ்ச் உட்புறம் சாய்ந்து, நீளவாக்கில் ஒன்று முதல் இரண்டு சதவீத ஓட்டத்துடன், நீரை இறங்கு கால்வாய்க்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அடியிலுள்ள சாம்பல் அமரும்போதும் டிப்பர் ஏறி இறங்கும்போதும் பெஞ்சின் வெளி விளிம்பில் ஒரு தாழ்வு உண்டாகிறது. வெறும் பத்து சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தப் பெஞ்சின் மொத்த நீரும் அந்த ஒரு வாய் வழியாகச் சரிவில் கொட்டுகிறது. சில மணி நேரத்தில் அங்கே ஓடை விழும். ஓடை மேல்நோக்கி ஏறி அடுத்த பெஞ்சையும் உடைத்தால் இரண்டு பெஞ்சின் நீரும் ஒரே வழியில் பாயும். அறுந்த சரிவில் ஓடையின் தலையைத் தேடிப் போனால் பல நேரம் இப்படியொரு தாழ்வில்தான் போய் நிற்போம்.

அடுத்த பலவீனம், சாம்பல் தொட்ட நீரை, சாம்பலின் ஊடே கசிந்து இறங்கும் நீரைச் சேகரிக்கும் கசிவுநீர் அமைப்புக்குள் இறக்கும் ஜல்லித் தூண்கள். மேல் ஜல்லியையும் அதைச் சுற்றிய வடிதுணியையும் (நீரை விட்டுத் துகளைத் தடுக்கும் துணி) நுண்சாம்பல் அடைத்துவிடும். நீர் உள்ளே இறங்க வழியின்றித் தேங்கி, வரப்பைத் தாண்டும். மேல் 30 செ.மீ. ஜல்லியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது அரை நாள் வேலை. மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்யாமல் விட்டதால் அறுந்த சரிவுகள் உண்டு. மூன்றாவது, இறங்கு குழாயின் வாயைச் சுற்றிய நிரப்பு. அங்கே கெட்டிப்படுத்தல் சரியில்லையென்றால் நீர் குழாய்க்குள் போகாமல் அதன் வெளிப்புறத்தை ஒட்டியே ஓடிக் குழாயைத் தொங்கவிட்டுவிடும்.

இயந்திரம் இறங்கும் முன்

சேதத்தைச் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆதாரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ட்ரோன் அளவீடு எடுத்து, புயலுக்கு முந்தைய கடைசி அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் எத்தனை கன மீட்டர் போனது என்று சொல்ல முடியும். டோசர் ஓடிய பிறகு அந்தக் கணக்கு கிடைக்காது. கிடைக்காத இடத்தில் நிறுவனம் சொல்லும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

அமெரிக்காவின் 2015 ஆம் ஆண்டு நிலக்கரிச் சாம்பல் விதிகளை இங்கே அளவுகோலாக வைத்துக்கொள்வது பயன்படும். மேட்டின் வழிநீர் அமைப்பு 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழையைத் தாங்க வேண்டும். தகுதி பெற்றவர் ஏழு நாளுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்ய வேண்டும். பொறியாளரின் ஆண்டு ஆய்வு தனி. குறை கண்டால் இயன்ற விரைவில் சரிசெய்து, செய்ததை எழுதி வைக்க வேண்டும். கழிவுநீர் வெளியேற்ற அனுமதியில் வேறொரு கடிகாரம் ஓடுகிறது: உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து தரக்கூடிய மீறல் தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் வாய்மொழித் தகவல், ஐந்து நாளுக்குள் எழுத்து அறிக்கை. மற்ற நாடுகளில் கெடு மாறும். ஆனால் கடிகாரம் தகவல் தெரிந்த நொடியில் தொடங்குகிறது, அளவு உறுதியான பிறகு அல்ல என்ற கொள்கையோடு நடப்பதே எங்கும் பாதுகாப்பு. அளவு தெரியாவிட்டால் "மதிப்பிட்டு வருகிறோம்" என்று சொல்லித் தகவலை அனுப்பிவிடலாம்.

"வடிவமைப்பு மழையைவிடப் பெரிய மழை" என்ற வாதம் தானாக யாரையும் விடுவிக்காது. 25 ஆண்டு மழை என்பது எந்த ஆண்டிலும் 4 சதவீத வாய்ப்பு. பத்து ஆண்டு நிரப்பும் மேட்டில் அது ஒருமுறையாவது வர 34 சதவீத வாய்ப்பு, மூன்றில் ஒன்று. புயல் பாதையில் இருக்கும் மேட்டுக்கு இறங்கு கால்வாய்களையாவது 100 ஆண்டு மழைக்குக் கணக்கிட வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

மாதிரி எடுப்பதில் கலங்கலை மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது. மேல்நீரோட்டத்திலும் கீழ்நீரோட்டத்திலும் ஒரே நாளில் நீர் எடுத்து, ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம் போன்றவற்றை மொத்தமாகவும் கரைந்த நிலையிலும் பார்க்க வேண்டும். கரைந்த நிலைக்கான மாதிரியைத் தளத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து அமிலம் சேர்க்க வேண்டும். வடிக்காமல் அமிலம் சேர்த்தால் சாம்பல் துகளில் இருந்ததும் கரைந்து எண்ணை வீங்கச் செய்யும். போரானும் சல்பேட்டும் எளிதில் நீரோடு நகர்பவை, ஆகவே நிலத்தடி நீரில் முதலில் தலைகாட்டும். கண்காணிப்புக் கிணற்றின் வாய்க்கு மேல் வெள்ளம் ஏறியிருந்தால், கிணற்றைச் சுத்தப்படுத்தி நீரை இறைத்துத் தெளியவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளநீரைச் சோதித்துவிட்டு நிலத்தடி நீர் கெட்டது என்று எழுத நேரும்.

ஓடையை எதைக் கொண்டு நிரப்புவது

முதலில் ஓடையின் ஆழம். அது சாம்பலுக்குள்ளேயே முடிகிறதா, லைனரின் மேலுள்ள வடிகால் அடுக்கைத் தொட்டுவிட்டதா? தொட்டிருந்தால் கடைசி 30 செ.மீ. கையால் தோண்ட வேண்டும். அங்கே பொக்லைன் பல் பட்டால் புயல் செய்யாத சேதத்தை நாமே செய்துவிடுவோம். லைனர் வெளியே தெரிந்தால் கழுவிப் பார்த்து, கிழிசலுக்கு ஒட்டு வைத்து வெல்டிங் செய்து, வெற்றிடப் பெட்டி வைத்துச் சோதித்த பிறகே மூடலாம்.

நிரப்புப் பொருளில் பாறைக்கல் பலருக்கும் கவர்ச்சியாகத் தெரிகிறது: கனமானது, நீர் அடித்துப் போகாது. ஆனால் கல்லின் இடுக்குகள் வழியே பின்னாலுள்ள நுண்சாம்பல் மெல்ல வெளியேறி, மேலே தெரியாமல் உள்ளே பொந்து விழும். வடிதுணி விரிக்காமல் ஓடைக்குள் கல் போடவே கூடாது. லைனர் எல்லைக்குள் மீட்ட சாம்பலையே திரும்பப் பயன்படுத்துவது எங்கள் தேர்வு, ஒரு கட்டாயத்தோடு: விளிம்பிலிருந்து டோசரால் தள்ளி நிரப்பக் கூடாது. ஓடையின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டி, 30 செ.மீ. தளர்ந்த அடுக்காகப் பரப்பி, உகந்த ஈரத்துக்கு (மிக நன்றாகக் கெட்டிப்படும் ஈர அளவு) இரண்டு சதவீதம் முன்பின்னாக வைத்து, ப்ராக்டர் எனும் ஆய்வகக் கெட்டிப்படுத்தல் சோதனை காட்டும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதத்துக்குக் கெட்டிப்படுத்த வேண்டும். தள்ளி நிரப்பிய சாம்பல் பழைய சுவரோடு ஒட்டாமல் ஒரு பிளவை விடும். அடுத்த மழை அதே கோட்டில் இறங்கும்.

மீட்ட சாம்பல் சேறாக இருக்கும். அதன்மேல் அதிர்வு ரோலரை ஓட்டினால் நீர் மேலே ஏறி, தரை மெத்தை போல ஆடும். அதிர்வை நிறுத்திவிட்டு ஓட்டினாலும் ஈரம் மிஞ்சியிருந்தால் பயன் இல்லை. பரப்பிக் காயவிட வேண்டும், அல்லது கொதிகலனின் அடியில் சேரும், மணல் போன்ற பாட்டம் ஆஷைக் கலக்க வேண்டும். அவசரத்துக்குச் சுண்ணாம்பு கலக்கலாம். ஆனால் அது கசிவுநீரின் பி.எச். அளவை உயர்த்தும், சில உலோகங்களின் கரைதிறனை மாற்றும். ஆய்வக ஒப்புதல் இல்லாமல் வேண்டாம்.

நான்கு மூடாக்குகள்

பிளாஸ்டிக் விரிப்பின் பெரிய பலம் வேகம். இழைவலு சேர்த்த பாலிஎத்திலீன் விரிப்பை ஒரு குழு ஒரு ஹெக்டேருக்குச் சில நாளில் போட்டுவிடும். அதைவிட முக்கியமாக, அதன்மேல் ஓடும் நீர் சாம்பலைத் தொடுவதில்லை. இரண்டு ஹெக்டேர் திறந்த சரிவில் 150 மி.மீ. மழை பெய்தால் விழுவது 3,000 கன மீட்டர். சாம்பல் திறந்திருந்தால் அதில் வழிவதும் இறங்குவதும் அசுத்த நீர்க் கணக்கில் சேர்ந்து, குட்டையிலும் சுத்திகரிப்பிலும் இடம் கேட்கும். விரிப்பு இருந்தால் கிட்டத்தட்ட முழுவதும் மழைநீராகவே வெளியே விடலாம், உங்கள் அனுமதி அதை ஏற்கிறது என்றால். கசிவுநீர் சேரும் குழியான சம்ப் நிரம்பி வழியும் நிலையிலுள்ள மேட்டுக்கு இது ஒன்றே போதிய காரணம்.

அதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. மணிக்கு 80 மி.மீ. தீவிரத்தில் இரண்டு ஹெக்டேர் வெற்று மண்ணிலிருந்து, வழிநீர்க் கெழு (விழும் மழையில் வழிந்தோடும் பங்கு) 0.5 என்று வைத்தால், விநாடிக்கு சுமார் 220 லிட்டர் வரும். அதே பரப்பில் பிளாஸ்டிக் போட்டால் கெழு 0.95, விநாடிக்கு 420 லிட்டர். மண்ணுக்காகக் கணக்கிட்ட கால்வாயில் இது கொள்ளாது. விரிப்பு உறுதியாக நிற்கும், அதன் காலடியில் புதிய ஓடை விழும். ஆகவே விரிப்புக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே இறங்கு கால்வாயின் கொள்ளளவையும் அடிவாரக் கல்பாவலையும் கணக்கிட வேண்டும்.

காற்று இன்னொரு எதிரி. மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமம். மூன்று மீட்டருக்கு ஒன்றாக 20 கிலோ மணல் மூட்டை வைத்தால் சதுர மீட்டருக்குக் கிடைப்பது இரண்டே கால் கிலோதான். எடையால் விரிப்பை அடக்க முடியாது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. மூட்டைகள் படபடப்பைக் குறைக்கின்றன. விரிப்பைக் காப்பாற்றுவது காற்று அடியில் நுழையாமல் இருப்பது. மேல் விளிம்பை 60 செ.மீ. ஆழ, அகலப் பள்ளத்தில் மடக்கிப் புதைத்து மண்ணைக் கெட்டிப்படுத்துங்கள். இணைப்புகளைச் சரிவின் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகவே அமையுங்கள்; காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மடிப்பு விழட்டும். மேடான மூலைகளில் மூட்டை இடைவெளியை ஒன்றரை மீட்டராக்கி, கயிற்றில் கோத்துத் தொங்கவிடுங்கள். தனித்தனியாக வைத்த மூட்டை முதல் காற்றிலேயே உருண்டு அடிவாரம் சேரும்.

மண் போர்வை பழகிய வழி. 30 செ.மீ. மண்ணும் புல்லும் பிடித்துவிட்டால் பராமரிப்பு குறைவு, தூசும் அடங்கும். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு ஹெக்டேருக்குக் கெட்டியான அளவில் 3,000 கன மீட்டர், தளர்ந்த அளவில் 3,600க்கு மேல், பத்து கன மீட்டர் டிப்பரில் 360 நடைக்குக் குறையாது. நனைந்த மேட்டுச் சாலையில் அத்தனை நடை ஓடினால் பெஞ்சுகள் மீண்டும் அமர்ந்து புதிய தாழ்வுகள் உண்டாகும். புல் வேர்பிடிக்கச் சில வாரம் வேண்டும். அதுவரை அது வெறும் மண்தான். அரிப்புத் தடுப்புப் பாய் விரிக்காமல் மழைக்காலத்தில் போட்ட மண் போர்வை பெரும்பாலும் வண்டலாகத்தான் கால்வாய்க்குள் போய்ச் சேர்கிறது. அது போனபின் சாம்பல் மீண்டும் திறந்துகொள்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நிரப்பப் போவதில்லை, மழைக்காலம் முடிந்துவிட்டது என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் மண் போர்வைதான் சிறந்தது. ஒன்று குறைந்தாலும் அதைத் தள்ளிப்போடுங்கள். மண்ணின் மேல் வழியும் நீரைச் சுத்தநீர் என்று விடும் முன் போர்வை முழுமையாக இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சாம்பல் தெரிந்தாலும் அந்த வழிநீர் அசுத்த நீர்தான்.

தெளிப்புப் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிமர் பூச்சு தூசுக்கு நல்லது, மழைத்துளியின் அடியையும் ஓரளவு தாங்கும். சிமென்டும் நாரும் கலந்த வகை இன்னும் நாள் பிடிக்கும். ஓடும் நீரை எதுவும் தாங்காது. விரிசல் விழுந்த இடத்தில் நீர் புகுந்து, பூச்சு ஓடு போல மேலே நிற்க, அடியில் சாம்பல் காலியாகும். தினமும் நிரப்பும் தளத்துக்கும், மீட்ட சாம்பலைக் காயவைக்கும் குவியலுக்கும் சரி. அறுந்த சரிவை மூட இதை மட்டும் நம்பும் திட்டத்தை ஏற்கக் கூடாது.

நிரந்தர மூடல், அந்தச் சரிவு இறுதி உயரத்தையும் வடிவத்தையும் எட்டிவிட்டால் மட்டும். அமெரிக்க விதியின் குறைந்தபட்சம் 18 அங்குல ஊடுருவல் தடுப்பு அடுக்கும் அதன்மேல் புல் வளர 6 அங்குல மண்ணும். அடியில் ஜியோமெம்பிரேன் (நீர் புகாத தடித்த பிளாஸ்டிக் படலம்) லைனர் இருக்கும் மேட்டில், மேல் மூடலின் ஊடுருவல் அடி லைனரைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பதால் நடைமுறையில் மேலேயும் ஜியோமெம்பிரேன் வந்துவிடும். இதற்கு வடிவமைப்பு ஒப்புதல், தரக்கட்டுப்பாட்டுச் சோதனைகள் என்று மாதங்கள் ஆகும். அடுத்த மழைக்கு விடை இதுவல்ல. இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு: ஜியோமெம்பிரேனுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வடிகால் அடுக்கின் அடிவார வாய் அடைபட்டால் மண் நீரில் ஊறிச் சரிவோடு வழுக்கி இறங்கும். நிரந்தரமாக மூடிய மேடுகளில் புயலின்போது நடக்கும் சேதத்தில் இந்த வகையும் உண்டு. வடிகால் வாய்களை மண்ணில் புதைக்காமல் கல்லில் திறந்து விட வேண்டும்.

எதை, எங்கே

ஒரே சரிவுக்கு ஒரே மூடாக்கு என்று முடிவெடுக்கத் தேவையில்லை. மழைக்காலத்தின் நடுவில் அறுந்த மேட்டுக்கு எங்கள் தேர்வு இது: முதல் இரண்டு நாளில் மூடாக்கைத் தொடாமல் பெஞ்ச் விளிம்புத் தாழ்வுகளை உயர்த்தி, ஜல்லித் தூண்களைத் திறந்து, ஒரு தற்காலிக இறங்கு குழாயைப் பொருத்துவது. பிறகு ஓடைகளை அடுக்கடுக்காக நிரப்பி, அறுந்த பகுதிக்கும் அதன் மேலுள்ள பெஞ்சுக்கும் பிளாஸ்டிக். நிரப்பு வேலை நடக்கும் தளத்துக்குத் தெளிப்பு. மழை விட்டதும், அடுத்த நிரப்பு தொலைவிலிருக்கும் பக்கங்களுக்கு மண்ணும் புல்லும். வடிவம் எட்டிய சரிவை அடுத்த வறண்ட பருவத்தில் நிரந்தரமாக மூடுவது. கால்வாயைப் பெரிதாக்க அடிவாரத்தில் இடமே இல்லாத மேட்டில் மட்டும் பிளாஸ்டிக்கின் பரப்பைக் குறைத்து, மீதிக்குப் பாயோடு மண் போடலாம். அப்போது கூடுதல் அசுத்த நீருக்குக் குட்டையில் இடம் இருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

வெளியே போன சாம்பலையும் இதே வாரத்தில் எடுக்க வேண்டும். சாலையிலும் வாய்க்காலிலும் கிடப்பது ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சு வண்டியாலும் கைமண்வெட்டியாலும் எடுப்பது எளிது; காய்ந்தால் அது தூசு, எடுப்பவர்களுக்குச் சுவாச முகக்கவசம் கட்டாயமாகிவிடும். ஆற்றுக்குள் போனதன் கதை வேறு. 2014 பிப்ரவரியில் வட கரோலினாவின் டான் ஆற்றில் சாம்பல் குளத்தின் அடியிலிருந்த மழைநீர்க் குழாய் உடைந்து சுமார் 39,000 டன் சாம்பல் போனபோது, திரும்ப எடுக்க முடிந்தது அதில் சிறு பங்குதான். மிதக்கும் வெண்ணிறத் திட்டுகள் உள்ளீடற்ற சாம்பல் மணிகள். மிதவைத் தடுப்பு கட்டி அவற்றைச் சேர்த்து எடுக்கலாம். மூழ்கிய சாம்பல் ஆற்று மணலோடு கலந்துவிட்டால், தோண்டுவதால் கிளம்பும் கலங்கலையும் அழியும் அடித்தள உயிர்களையும் விட்டுவைப்பதன் ஆபத்தோடு எடைபோட்டு, வண்டல் மாதிரிகளின் முடிவு கையில் வந்தபிறகு ஒழுங்குமுறை அமைப்போடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.